வயிறு வேறு! நுரையீரல் வேறு!

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் மின்சார சிகரெட்டு என்பதைப் பற்றியும், அதனால் நுரையீரலுக்கு ஏற்படும் கேட்டைப் பற்றியும் பேச வேண்டுமென்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் இருந்தவனுமல்ல. வைத்தியர்களும் சுகாதார அதிகாரிகளும் எழுதியிருப்பவைகளைப் படித்தும், விளங்காததை விளங்கினவர்களிடம் கேட்டும், எனக்கு நியாயமென்று பட்டதை உங்கள் முன் வைக்கிறேன். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். அதுபோலவே, "இதை இழுத்தால் ஒன்றும் செய்யாது" என்று விற்கிறவன் சொல்லுகிறானே, அதையும் நம்பிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துப் பாருங்கள். எது எடை நிற்கிறதோ அதை எடுத்துக் கொள்ளுங்கள்.

இது என்ன வஸ்து?

"வேப்" என்று பையன்கள் சொல்லுகிற இந்தக் கருவி பார்வைக்கு ஒரு பேனாவைப் போலவோ, சிறு டப்பியைப் போலவோ இருக்கும். உள்ளே ஒரு பாட்டரி, ஒரு சிறு கம்பிச்சுருள், ஒரு குப்பியில் திரவம், இவ்வளவுதான். வாயில் வைத்து இழுத்தவுடன் கம்பிச்சுருள் சூடேறுகிறது. திரவம் ஆவிபோல் கிளம்புகிறது. அதை மார்பு நிறைய இழுத்து வெளியே விடுகிறார்கள். சீன தேசத்தில் ஹோன் லிக் என்னும் மருந்துக்கலை படித்த ஒருவர் 2003-ல் இன்றைய கருவிக்கு மூலமான ஒன்றைச் செய்தார். அடுத்த சில வருஷங்களுக்குள் அது உலகமெங்கும் பரவிற்று.

"இதில் நெருப்பில்லை, சாம்பலில்லை, வெறும் நீராவிதானே" என்கிறார்கள். இது முழுப்பொய். வெளியே வருவது தண்ணீர் ஆவி அல்ல. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவங்களும், வாசனைச் சரக்குகளும், பெரும்பாலும் நிக்கோடினும் சேர்ந்து நுண்ணிய துளிகளாகி வருகின்றன. திரவம் அதிகமாகச் சூடேறினால் பார்மால்டிஹைடு, அக்ரோலின் முதலிய நச்சுச் சரக்குகள் உண்டாகின்றன. சூடேறும் கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் முதலிய உலோகங்களின் அணுக்களும் அந்த ஆவியில் வந்திருப்பதைப் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். நெருப்பில்லை என்பது மெய். நெருப்பில்லாததனாலேயே நஞ்சுமில்லை என்பது எந்தக் கணக்கு? பாம்பின் வாயில் நெருப்பா இருக்கிறது?

அமெரிக்காவில் நடந்த சங்கதி

தோழர்களே! 2019-ம் வருஷம் கோடைகாலத்தில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்திலுள்ள மில்வாக்கி நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு, நேற்றுவரை ஓடியாடிக் கொண்டிருந்த பையன்கள் ஒருவர்பின் ஒருவராக மூச்சுத் திணறலோடு வந்தார்கள். இருமல், மார்புவலி, காய்ச்சல். சிலருக்கு வாந்தியும் பேதியும்கூட. எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலிலும் மூடுபனி படிந்தாற்போல் தெரிந்தது. கபவாத ஜுரம் என்று எண்ணிக் கிருமியைத் தேடினார்கள். கிருமி அகப்படவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தார்கள். நோய் இறங்கவில்லை.

அந்த வைத்தியர்கள், "காலம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக் கையை விரித்துவிடவில்லை. இவர்களுக்குள் பொதுவாயிருப்பது என்ன என்று விசாரித்தார்கள். எல்லோரும் வேப் இழுத்தவர்கள் என்று தெரிந்தது. ஜூலை மாதத்தில் அரசாங்க சுகாதார இலாக்காவுக்கு எழுதினார்கள். பக்கத்து இல்லினாய் மாகாணத்திலும் இதே நோய் கண்டது. ஆகஸ்டு மாதத்தில் அந்த மாகாணத்தில் முதல் சாவு அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் நோய் உச்சத்துக்குப் போயிற்று. இந்த நோய்க்கு "எவாலி" என்று பெயரிட்டார்கள்.

2020 பிப்ரவரி 18-ந் தேதி வரையில் எடுத்த கணக்குப்படி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தோரும் இறந்தோருமாக 2,807 பேர். இவர்கள் அமெரிக்காவின் 50 மாகாணங்களையும் சேர்ந்தவர்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். நோய் கண்டவர்களில் பாதிக்குமேல் 25 வயதுக்குட்பட்டவர்கள். 100-க்கு 15 பேர் 18 வயதுகூட நிரம்பாதவர்கள். டெட்ராய்ட் நகரில் ஓர் இளைஞனுக்கு இரண்டு நுரையீரலையும் எடுத்துவிட்டு, இறந்துபோன வேறொருவரின் நுரையீரலை வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஓடி விளையாட வேண்டிய வயதில் இரவல் நுரையீரல்!

காரணத்தைக் கண்டுபிடித்த விதம்

நிற்க, இந்நோய்க்குக் காரணம் என்ன? வேப் இழுத்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்க, சிலருக்கு மட்டும் ஏன் வந்தது? இவ்விடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னது இழுத்தோம் என்று விவரம் சொன்ன நோயாளிகளில் 100-க்கு 82 பேர் டி.எச்.சி. என்னும் கஞ்சாச் சத்து கலந்த எண்ணெயை இழுத்தவர்கள். 100-க்கு 14 பேர் நிக்கோடின் மட்டுமே இழுத்ததாகச் சொன்னவர்கள். கஞ்சா சட்டவிரோதமாயிருக்கும் இடத்தில் பயந்துகொண்டு உண்மையை மறைத்தவர்களும் இவர்களுக்குள் இருக்கலாம் என்று அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு, நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்புநீரை விட்டுக் கழுவி, அந்த நீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். 16 மாகாணங்களைச் சேர்ந்த 51 நோயாளிகளில் 48 பேருடைய நுரையீரல் நீரில் "வைட்டமின் ஈ அசிடேட்" என்னும் எண்ணெய்ச் சரக்கு இருந்தது. அத்தோடு நிறுத்தினார்களா? இல்லை. நோயில்லாத 99 பேருடைய நுரையீரல் நீரையும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் புகை பிடிப்போரும் உண்டு, மின்சார சிகரெட்டு இழுப்போரும் உண்டு. ஒருவரிடத்திலாவது அந்தச் சரக்கு இல்லை.

தோழர்களே! ருஜு என்றால் இதுதான். நோயுள்ளவனை மட்டும் பார்த்தால் போதாது, நோயில்லாதவனையும் பார்க்க வேண்டும். நோய் உள்ள இடத்தில் அது இருக்கிறதா, நோய் இல்லாத இடத்தில் அது இல்லாமலிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். "என் சினேகிதன் மூன்று வருஷமாக இழுக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லுவது ருஜு ஆகாது. மழையில் நனைந்த எல்லோருக்குமா ஜுரம் வருகிறது? வேறு எந்தச் சரக்குக்கும் இதில் பங்கே இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட முடியாது என்றும் அந்த ஆராய்ச்சிக்காரர்களே எழுதி வைத்தார்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குமேல் சொல்லாதவனே நம்பத் தகுந்தவன்.

பால்காரன் வித்தை

அந்த எண்ணெய்ச் சரக்கு குப்பிக்குள் எப்படி வந்தது? இது நம் கிராமத்து ஜனங்களுக்குச் சீக்கிரம் விளங்கும். பாலில் தண்ணீர் விடுகிறவன், பால் நீர்த்துப்போனது தெரிந்துவிடுமே என்று அதில் மாவைக் கலக்கிக் கெட்டியாக்குவான். அதே வித்தைதான். கஞ்சா எண்ணெய் விலை அதிகம். அது தேன்போல் கெட்டியாயிருக்கும். திருட்டு வியாபாரி அதில் வேறு சரக்கைக் கலந்து ஒன்றை இரண்டாக்க வேண்டும், ஆனால் அது நீர்த்தும் போகக்கூடாது. வாங்குகிறவனும் ஒரு பரீட்சை வைத்திருந்தான். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளேயிருக்கும் காற்றுக்குமிழி மெதுவாக ஏறினால் சுத்தச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளுவான். வைட்டமின் ஈ அசிடேட்டோ பார்ப்பதற்கும் கெட்டித்தன்மைக்கும் அந்த எண்ணெயைப் போலவே இருக்கும். அதைக் கலந்தால் குமிழி மெதுவாகத்தான் ஏறும். பரீட்சையில் கலப்படம் தேறிவிட்டது! வாங்கினவனின் நுரையீரல் தவறிவிட்டது!

பரீட்சை செய்து பார்த்தோம் என்று சந்தோஷப்பட்டால் மட்டும் போதாது. அந்தப் பரீட்சை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்றும் கேட்க வேண்டும். குமிழி கெட்டியைக் காட்டுமே ஒழிய நஞ்சைக் காட்டாது.

எந்த வாசல் வழியாக?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைட்டமின் ஈ அசிடேட் என்பது பெயர் தெரியாத ஏதோ விஷமல்ல. முகத்தில் பூசும் பசைகளில் அது இருக்கிறது. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சத்து மாத்திரைகளில் இருக்கிறது. தோலில் தடவினாலும் வயிற்றுக்குள் விழுங்கினாலும் சாதாரணமாகக் கெடுதி செய்யாதது. அதே சரக்கு நுரையீரலுக்குள் போனபோது ஆளைக் கொன்றது. அது சூடேறும்போது கீட்டீன் என்னும் கொடிய வாயு உண்டாகக் கூடுமென்று ரசாயனப் பரிசோதனையிலும் கண்டிருக்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? வயிறு என்பது உணவை வாங்கிக்கொள்ளுவதற்காகவே ஏற்பட்ட உறுப்பு. அங்கே அமிலம் இருக்கிறது, பித்தம் இருக்கிறது, வருவதைக் கரைத்து, பிரித்து, வேண்டாததை வெளியே தள்ளும். ஒவ்வாதது போனால் வாந்தியெடுத்துத் தீர்த்துக்கொள்ளும். நுரையீரலுக்கு இந்தச் சௌகரியம் ஏது? அது கோடிக்கணக்கான சிறுசிறு காற்றுப் பைகளால் ஆனது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர், தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது. காற்று உள்ளே வர, கரியமிலவாயு வெளியே போக, அதற்கென்றே ஏற்பட்ட இடம். அங்கே எண்ணெயைத் தெளித்தால் யார் ஜீரணிப்பது? நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது என்பதற்காக யாராவது அதை மூக்கில் ஊற்றி மார்புக்குள் இழுப்பானா? சோறு நல்லதுதான், ஒரு பருக்கை மூச்சுக்குழாயில் போனால் புரையேறிக் கண் பிதுங்குகிறதே!

ஆகையால், "இது சாப்பிடும் சரக்குதான், ஐஸ்கிரீமிலும் மிட்டாயிலும் போடுகிற வாசனைதான்" என்று ஒருவன் சொன்னால், அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதிலல்ல. "எந்த வாசல் வழியாகப் போனால் கெடுதியில்லை? அந்த வாசல் வழியாக விட்டுப் பார்த்தவர்கள் யார்?" என்பதுதான் நம் கேள்வி.

இதற்கு இன்னொரு அத்தாட்சியும் உண்டு. அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் மக்காச்சோளப் பொரி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த 8 தொழிலாளிகளுக்கு, சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டுப்போகும் அபூர்வமான நோய் வந்திருப்பது 2000-ல் தெரியவந்தது. சிலர் மாற்று நுரையீரலுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். விசாரித்ததில், பொரிக்கு வெண்ணெய் வாசனை கொடுப்பதற்காகக் காய்ச்சிக் கலந்த சரக்கின் ஆவியே காரணம் என்று கண்டார்கள். அதிலுள்ள முக்கியமான பொருள் டையசிடைல். வெண்ணெயிலேயே இயற்கையாக இருப்பது, தின்பதற்கு உகந்ததென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தப் பொரியை ருசித்துத் தின்றவன் வீட்டுக்குப் போனான். சரக்கைக் காய்ச்சிக் கலந்த தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரே பொருள், இரண்டு வாசல், இரண்டு முடிவு!

பிற்பாடு 2015-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் வாசனையேற்றிய 51 வகை மின்சார சிகரெட்டுகளைப் பரிசோதித்தபோது 39-ல் இந்த டையசிடைல் இருந்தது. தொழிற்சாலைக்காரனுக்கு வந்த அதே நோய் வேப் இழுக்கிறவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் பூச்சாண்டி காட்டுகிறவனாகிவிடுவேன். தொழிலாளியின் நுரையீரலைப் பறித்த பொருளை, தொழிற்சாலைக்குள் நுழையாத பையன் காசு கொடுத்து வாங்கி இழுக்கிறானே, இது அறிவுடைமையாகுமா என்றுதான் கேட்கிறேன்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"சிகரெட்டைவிட இது தீமை குறைந்ததுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் சுகாதார அதிகாரிகள், சிகரெட்டை விடமுடியாத ஒருவன் அதை அறவே விட்டு இதற்கு மாறினால் அவனுக்குத் தீமை குறையும் என்று சொல்லுகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் திரவத்தில் நிக்கோடின் இவ்வளவுக்குமேல் இருக்கக்கூடாதென்றும், இன்னின்னது சேர்க்கக்கூடாதென்றும் சட்டம் இருக்கிறது. அன்றியும், புகை பிடிக்காதவனும் சிறுவனும் இதைத் தொடவே கூடாதென்று அதே அதிகாரிகள்தான் சொல்லுகிறார்கள். மாடியிலிருந்து விழுவதைவிடத் திண்ணையிலிருந்து விழுவது தேவலைதான். மாடியில் ஏறாமல் தரையில் நிற்கிறவனைத் திண்ணைமேல் ஏற்றித் தள்ளுவானேன்?

அமெரிக்காவில் யாரை ஏற்றித் தள்ளினார்கள் என்று பாருங்கள். 2019-ல் அந்நாட்டு உயர்தரப் பள்ளி மாணவர்களில் 100-க்கு 27 பேருக்குமேல் இதை இழுத்து வந்தார்கள். அங்கே பையன்களிடம் மிகவும் பரவியிருந்தது ஜூல் என்னும் கருவி. அதன் ஒரு குப்பியிலுள்ள நிக்கோடின் ஒரு பெட்டி சிகரெட்டிலுள்ளதற்குச் சமானம் என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருந்தது. 2018 டிசம்பரில் அந்தக் கம்பெனியில் 100-க்கு 35 பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார்? மார்ல்பரோ சிகரெட்டு விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி! சிகரெட்டை ஒழிக்க வந்த கருவி என்றால், சிகரெட்டு வியாபாரி அதற்கு ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறான்? பூனை, எலிக்கு வைத்தியசாலை கட்டிக் கொடுத்தால், எலி கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

"இது புதிது, நாகரிகமானது, விஞ்ஞானம்" என்பது இன்னொரு சமாதானம். முன்பும் இப்படித்தான் சொன்னார்கள். சிகரெட்டால் நுரையீரலில் புற்று வருகிறதென்று வைத்தியர்கள் 1950-ல் எடுத்துக்காட்டிய பிறகு, "கவலை வேண்டாம், வடிகட்டி வைத்த சிகரெட்டு வந்துவிட்டது" என்று விளம்பரம் செய்தார்கள். கென்ட் என்னும் சிகரெட்டில் 1952 முதல் 1956 வரை வைத்திருந்த வடிகட்டி எதனாலானது தெரியுமா? கல்நாரினால்! அதுவும் கல்நார் வகைகளில் மிகக் கொடியதான நீலக் கல்நார்! நுரையீரலைக் காப்பதற்கென்று விற்ற வடிகட்டியே புற்றுநோயைக் கொடுக்கும் பொருளாயிருந்தது. பழையது என்பதற்காக ஒன்றை ஏற்கக்கூடாது என்பது எவ்வளவு உண்மையோ, புதியது என்பதற்காக ஏற்கக்கூடாது என்பதும் அவ்வளவு உண்மை.

"அது கள்ளச் சரக்கினால் வந்த வினை, நாங்கள் நல்ல சரக்குத்தான் வாங்குகிறோம்" என்பது மூன்றாவது சமாதானம். நம் தேசத்தில் மின்சார சிகரெட்டைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரம் செய்வதும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும், அதே வருஷம் டிசம்பரில் பார்லிமெண்டுச் சட்டத்தாலும் தடுக்கப்பட்டுவிட்டன. முதல் தடவை குற்றத்துக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பீடியையும் சிகரெட்டையும் தெருவுக்குத் தெரு விற்கவிட்டு இதை மட்டும் தடுத்தது எந்த நியாயம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இங்கே கைமாறுவதெல்லாம் ஒளித்து விற்கும் சரக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். குப்பியில் என்ன இருக்கிறதென்று சொல்லக் கடமைப்பட்டவன் ஒருவனுமில்லை. மேலே ஒட்டியிருக்கும் மாம்பழப் படம் மாம்பழத்துக்கும் ஜாமீன் அல்ல, உன் உயிருக்கும் ஜாமீன் அல்ல.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, இங்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். உங்கள் பிள்ளையின் பையில் இப்படியொரு கருவியைக் கண்டால் உடனே கையை ஓங்காதீர்கள். அடிக்குப் பயந்தவன் பழக்கத்தை விடமாட்டான், மறைக்கத்தான் கற்றுக்கொள்ளுவான். மறைக்கக் கற்றவன், மூச்சுத் திணறி வைத்தியர்முன் கிடக்கும்போதும், பக்கத்தில் நிற்கும் அப்பனைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளுவான். வைத்தியர் கிருமியைத் தேடிக்கொண்டிருப்பார், நாழிகை போய்க்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இந்நோய் கண்ட பலருக்கு, காரணம் தெரிந்து ஸ்டிராய்டு மருந்து கொடுத்தபின் மூச்சு திரும்பியிருக்கிறது. அந்தக் காரணத்தை வைத்தியருக்குச் சொல்லக்கூடியவன் பையன் ஒருவன்தான். குடும்ப மானம் போய்விடுமென்று நீங்கள் அவன் வாயை அடைத்தால், அடைபடுவது அவன் மூச்சு.

வாலிபத் தோழர்களே! உங்களுக்கும் இதையே சொல்லுகிறேன். இழுத்திருந்தால் நிறுத்துங்கள். நிறுத்த முடியவில்லையானால் நிக்கோடின் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம், அது வெட்கப்பட வேண்டிய பாவமல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய். இருமலும் மூச்சு முட்டலும் மார்புவலியும் கண்டால் ஒருநாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன இழுத்தேன், எங்கே வாங்கினேன் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இழுக்காதவர்கள், யாராவது நீட்டினால் இரண்டே கேள்வி கேளுங்கள். "இதற்குள் என்ன இருக்கிறது? இதை நுரையீரலுக்குள் விட்டுப் பார்த்து, கெடுதியில்லை என்று ருஜுப்படுத்தினவர் யார்?" பதில் வந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்ளுகிறேன். பதில் வராவிட்டால், உங்கள் நுரையீரல் கண்டவன் சரக்கைப் பரிசோதிக்கிற இடமல்ல என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள்.

இதில் ஐயமுள்ளவர்கள் தாராளமாக எழுந்து கேட்கலாம் என்று சொல்லி உட்காருகிறேன்.